கண்டகாலிப் பூவும் தெச்சிச் செடியும்: கடற்கரை மணலில் ஒரு நந்தவனம்

எம்பெருமானுக்கு இன்ன பூத்தான் உகந்தது என்னும் நியதி உண்டோ என்பது ஸ்ரீவைஷ்ணவ வ்யாக்யான ஸம்ப்ரதாயத்தில் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டு, வெளிப்படையாகவே விடை காணப்பட்ட வினாவாகும். திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாந்திருவாய்மொழியில் நம்மாழ்வார் எம்பெருமானுடைய ஸ்வாராததையை, அதாவது ஆராதனைக்கு எளியவனாய் இருக்கும் தன்மையை, அருளிச்செய்கிறார். அங்கு நீர், புகை, பூ என்று பொதுவாகச் சொன்னாரேயன்றி, இன்ன நீர், இன்ன புகை, இன்ன பூ என்று விசேஷித்திலர். விசேஷியாமையையே வ்யாக்யாதாக்கள் பொருளாக எடுத்துக்கொண்டனர். நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளிச்செய்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டில், இவ்விடத்தே ஓர் ஐதிஹ்யம் காணக்கிடைக்கிறது.

பராசர பட்டர் இப்பாசுரத்துக்குப் பொருள் அருளிச்செய்யும்போது, பூ என்று பொதுவாக இருத்தலால் கண்டகாலிப் பூவையும் அவனுக்கு இடலாம் என்றார். கண்டகாலியாவது முள் நிறைந்த கண்டங்கத்திரி. கேட்டிருந்த நஞ்சீயர், சாஸ்த்ரங்கள் அதனை விலக்கியிருக்கின்றனவே என்று விண்ணப்பம் செய்தார். அதற்குப் பட்டர், அவ்விலக்கு எம்பெருமானுக்கு ஆகாது என்று வந்ததன்று. பறிக்கும் அடியார்களின் கையில் முள் பாயுமே என்று வந்தது, என்று நிர்வஹித்தருளினார்.

இந்த விடையை ரஸமான ஒரு சமத்காரமாக மட்டும் கொண்டு கடந்துபோவது வழக்கம். ஆனால் நந்தவனம் வைப்பவர்க்கும், இல்லத்துத் திருவாராதனத்துக்காக முற்றத்தில் நான்கு செடி வளர்ப்பவர்க்கும் இது ஒரு ப்ரமாணமாகவே நிற்கத்தக்கது. அது எவ்வாறு என்பதைக் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் மணலில் வளர்க்கத்தக்க தெச்சிச் செடியை முன்னிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டர் நிர்வாஹத்தின் பொருள்

நஞ்சீயர் கேட்டது சாஸ்த்ர வசனத்தைப் பற்றிய கேள்வி. பட்டர் அவ்வசனத்தைத் தள்ளவில்லை. அதற்குரிய ஹேதுவை எடுத்துக்காட்டினார். விலக்கு விலக்காகவே நிற்கிறது. ஆனால் அது நிற்கும் இடம் மாறிவிடுகிறது. எம்பெருமானுடைய திருவுள்ளத்தில் பூக்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருப்பதாக எண்ணியிருந்தவர்க்கு, அந்தத் திருவுள்ளம் பூவைப் பறிக்கும் கையை நோக்கியிருப்பதாகக் காட்டினார். ஆராதனைக்கு எளியவன் என்பதன் உட்பொருளும் இதுவே. கொடுக்கப்படும் த்ரவ்யத்தில் அவனுக்கு அபேக்ஷை இல்லை. கொடுப்பவனிடத்தில் அவனுக்குப் பரிவு உண்டு.

கீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில் இலை, பூ, பழம், நீர் என்று கண்ணன் சொன்ன ச்லோகத்துக்கு எம்பெருமானார் (1017–1137) அருளிய பாஷ்யமும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. எல்லாம் நிறைந்த அவாப்த ஸமஸ்தகாமனாய் இருந்தும், பக்தன் அன்போடு தந்ததைத் தன் மனோரதத்துக்கும் எட்டாத அரும்பொருளைப் பெற்றாற்போல் பகவான் ஏற்றுக்கொள்கிறான் என்பது அந்த பாஷ்யத்தின் கருத்து. எளிதில் கிடைக்கும் பூ அவன் திருவடியை அடைந்தவாறே அரும்பொருளாகிவிடுகிறது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் நந்தவனத்துக்கு ஒரு விதி பெறப்படும். எந்தப் பூவும் அவனுக்கு ஆகும்; ஆயினும் அந்தப் பூ வந்த வழியில் ஒரு கை புண்பட்டிருக்குமாயின் அது அவன் உகப்புக்குப் புறம்பு. முள் ஒன்றே கையைப் புண்படுத்துவதன்று. இக்காலத்தில் பூச்செடிகளின்மேல் தெளிக்கப்படும் நஞ்சு, தெளிப்பவன் மூச்சையும் பறிப்பவள் விரல்களையும் தொடுப்பவர் கண்களையும் வருத்துகிறது. பட்டர் காலத்தில் கண்டகாலியின் முள்ளுக்குச் சொன்ன நியாயம் இன்று இந்நஞ்சுக்கும் ஒக்கும் என்று கொள்ளத் தடையில்லை.

நந்தவனம் வைத்தார் மூவர்

பூவைத் தேடிக் கொணர்ந்து சாத்துவது ஒன்று. பூவை வளர்த்துச் சாத்துவது மற்றொன்று. பூர்வர்கள் பின்னதையே பெரிதும் உகந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், கம்ஸனுடைய நகரில் கண்ணனுக்கும் பலராமனுக்கும் பூவளித்த மாலாகாரருடைய வ்ருத்தாந்தத்தை நினைந்து, வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்தார் என்று குருபரம்பரை கூறும். அத்தோட்டத்தின் துளசிச் செடியடியிலேயே ஆண்டாளைக் கண்டெடுத்தார்.

திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாருக்கும் நந்தவனமே வாழ்வு. திருமங்கையாழ்வார் திருமதில் கட்டுவித்தபோது, அவர் மாலை கட்டும் இடம் குறுக்கிட்டதாம். அதற்கு ஊறு வாராதபடி மதிலை விலக்கிக் கட்டினாராம். உகந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தாம் நந்தவனத்தில் கையாண்ட கருவிக்கு ‘அருள்மாரி’ என்னும் திருமங்கையாழ்வாரின் பெயரை இட்டார் என்பர். ஒரு தோட்டக் கருவிக்கு ஓர் ஆழ்வாரின் திருநாமம் சூட்டப்பெற்றது என்பதே, அக்கருவி கொண்டு செய்யும் தொழில் எத்தகைய ஏற்றம் பெற்றிருந்தது என்பதைக் காட்டும்.

மூன்றாமவர் அநந்தாழ்வான். திருவாய்மொழி மூன்றாம்பத்தின் மூன்றாந்திருவாய்மொழியை எம்பெருமானார் காலக்ஷேபம் ஸாதித்தபோது, திருவேங்கடத்தில் இருந்து திருநந்தவனம் செய்து புஷ்ப கைங்கர்யம் நடத்துவார் உண்டோ என்று கேட்க, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாது எழுந்தவர் இவரே. ‘ஆண்பிள்ளை’ என்று எம்பெருமானார் உகந்து அழைத்தமையால் அநந்தாண்பிள்ளை என்னும் பெயரும் பெற்றார். செடிகளுக்கு நீர் வேண்டித் தாமும் கர்ப்பவதியான தேவியுமாக ஏரி வெட்டிய வரலாறும், உதவ வந்த சிறுபிள்ளையின் மோவாயில் கடப்பாரை பட்டதும், அதன் அடையாளமாக இன்றும் திருவேங்கடமுடையான் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதும் அனைவரும் அறிந்தவை.

இம்மூவர் வரலாற்றிலும் பூவின் பெயர் முதன்மை பெறவில்லை. மண் வெட்டியதும் நீர் சுமந்ததும் களை எடுத்ததும் தொடுத்ததுமே நினைக்கப்படுகின்றன. ஆகையால் செடியைப் பேணும் வகை அறிவதும் கைங்கர்யத்தின் அங்கமே. மண்ணறியாது நட்டு, செடி வாடிய பின் அது பகவத் ஸங்கல்பம் என்று சொல்லிவிடுவது அநந்தாழ்வான் வழியாகாது.

தெச்சி என்னும் செடி

தெச்சி, தெற்றி, வெட்சி, செச்சை என்று பலவாறு வழங்கும் இச்செடியைத் தமிழகத்தின் பல ஊர்களில் இட்டிலிப்பூ என்பர். மலையாள நாட்டில் இதுவும் துளசியும் தாமரையும் கோயில் வழிபாட்டில் முதலிடம் பெறுவன. அந்நாட்டோடு நெடுங்காலம் ஒன்றியிருந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்திலும், வீட்டு முற்றத்திலும் கோயில் மதிலோரத்திலும் தெச்சி காண்பது இயல்பு. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பன்னிரு பகுதி நூலில் இது நாட்டுப்பெயராலேயே குறிக்கப்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் ‘இக்ஸோரா காக்ஸீனியா’. ‘இக்ஸோரா’ என்பது ‘ஈச்வர’ என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயில் திரிந்த வடிவம் என்பர். பூவைக் கண்ட வெளிநாட்டார்க்கு, அது எவருக்காகப் பறிக்கப்படுகிறது என்பதே பெயராகப் பதிந்தது போலும்.

இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரம் வளரும், என்றும் பசுமையாய் இருக்கும், முள் இல்லை. கிளை நுனியில் கொத்தாக மலரும் ஒவ்வொரு பூவும், ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்ட மெல்லிய குழலும் அதன் முனையில் நான்கு இதழும் கொண்டது. குழலின் அடியிலுள்ள தேனை நீண்ட உறிஞ்சுகுழல் உடைய பட்டாம்பூச்சிகளே எளிதில் எட்டும்.

நாற்றுப்பண்ணைகளில் தெச்சி என்ற பெயரில் சீன இனங்களும் கலப்பினக் குட்டைச் செடிகளும் விற்கப்படுகின்றன. நாட்டுத் தெச்சியை அறிய இரண்டு அடையாளங்கள் போதும். அதன் இதழ் நுனி கூர்மையாய் இருக்கும். சீன இனத்தில் நுனி மழுங்கி வட்டமாய் இருக்கும். நாட்டுத் தெச்சியின் இலைக்குக் காம்பு இல்லை என்னும்படி அடிப்பகுதி கிளையோடு ஒட்டியிருக்கும். பழகிய வீட்டுச் செடியிலிருந்து தண்டு வாங்கி நடுவது இவ்வையத்துக்கே இடமில்லாதபடி செய்யும்.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டர் நிர்வாஹம் எம்பெருமானுடைய நீர்மையைச் சொல்லவந்தது. கோயில்களின் ஆகம மர்யாதையை மாற்ற வந்ததன்று. பாஞ்சராத்ர, வைகானஸ முறைகளிலும் மலைநாட்டுத் தந்த்ர முறையிலும் எந்தப் பூ, எந்த வேளை என்னும் வரையறைகள் உண்டு. மணவாளக்குறிச்சி இருக்கும் இம்மாவட்டத்தில் திவ்யதேசங்கள் இரண்டு: நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கையார் அவதரித்த திருவண்பரிசாரம் என்னும் திருப்பதிசாரமும், ஆதிகேசவப் பெருமாள் கிடந்தருளும் திருவட்டாறும். திருவட்டாற்றில் மூலவர் கடுசர்க்கரைத் திருமேனியர். இத்தகைய தலங்களில் சாத்தும் முறையில் அவ்வத்தலத்து வழக்கமே ப்ரமாணம். கோயிலுக்குப் பூக்கொடுக்க விரும்புவோர் அர்ச்சகரைக் கேட்டே செடி நடுதல் நன்று. இல்லத்துத் திருவாராதனத்துக்கு ஆசார்யன் காட்டிய வழி உண்டு.

மணவாளக்குறிச்சியின் மண்

கல்குளம் வட்டத்தில் மேற்குக் கடலோரமாக, மண்டைக்காட்டுக்கு அணித்தே இருப்பது மணவாளக்குறிச்சி. இதன் கடற்கரை மணல் உலகறிந்தது. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், இப்பகுதியிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் முதலியனவும் இம்மணலில் உண்டு. இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை இங்கே இயங்குகிறது. தொழிலுக்கு அரிய இக்கனிமங்கள் நீரில் கரையாதவை. ஆகையால் செடிக்கு உணவாவதில்லை. மணல் நீரைப் பிடித்து வைப்பதுமில்லை. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வேருக்குக் கீழே இறங்கிவிடும். இட்ட உரமும் அதனோடு போகும்.

தெச்சியின் இயல்பான இடம் மலையடிவாரத்துச் செம்மண்ணும் சரளை மண்ணும். அது புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். கார அமில அளவு 5 முதல் 6 வரை இருப்பது அதற்குப் பொருந்தும். கடலோர மணலிலோ சிப்பித் தூள் கலந்திருப்பதால் சுண்ணாம்பு மிகும். மேலும் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று உப்பைச் சுமந்துவந்து இலையின்மேல் படியவிடும். எனவே கரையை ஒட்டிய வீட்டில் தெச்சி வளர்ப்பவர் மூன்றுக்கு மாற்றுக் காணவேண்டும்: நீர் நில்லாமை, சுண்ணாம்பு, உப்புக்காற்று. கிழக்கே சற்று உள்ளே சென்றால் செம்மண் வந்துவிடும். அங்கு முயற்சி பாதி குறையும்.

நடுதல்

நன்கு முற்றாததும் மிக இளையதும் அல்லாத நடுத்தரத் தண்டை, நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில், இரண்டு மூன்று கணு இருக்குமாறு சாய்வாக வெட்டவேண்டும். கீழ் இலைகளை நீக்கி மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த பையில் நட்டு நிழலில் வைத்தால், ஒன்று முதல் இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். இடவப்பாதி மழை தொடங்கும் காலம் இதற்கு உகந்தது. விண்பதியனும் எளிதில் வேர்விடும்.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு மழையும் உண்டு. உள்நிலத்தில் ஆனியில் நடலாம். கரையோரத்தில் ஆனி, ஆடிக் காற்று கடந்தபின் ஐப்பசித் தொடக்கத்தில் நடுவதே இளஞ்செடிக்குப் பாதுகாப்பு. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியெடுத்து, அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி ஒரு வரிசை அடுக்கவேண்டும். அவை நீரைத் தாங்கி வைக்கும். அதன்மேல் செம்மண் இரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். தோண்டியெடுத்த சிப்பி மணலை மீண்டும் குழியில் இடலாகாது. செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளி வேண்டும்.

கடலை நோக்கிய பக்கத்தில் மதிலோ தென்னையோ மறைவாக இருத்தல் நலம். ஆனால் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமேனும் இளவெயிலும் வெயிலும் பட்டாலன்றித் தெச்சி கொத்துக் கொத்தாகப் பூக்காது. முழு நிழலில் இலை தழைக்கும், பூ அருகும்.

இலை மஞ்சளாதல்

தெச்சி வளர்ப்போர் அடிக்கடி கூறும் குறை இலை மஞ்சளாதல். எந்த இலை, எவ்வாறு மஞ்சளாகிறது என்பதை நோக்கினால் காரணம் விளங்கும். நுனியிலுள்ள இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமையால் இது வருவதன்று. சுண்ணாம்பு மிகுதியால் இருக்கும் இரும்பை வேர் எடுக்க மாட்டாமையால் வருவது. அடியிலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. இலை விளிம்பு கருகினால் உப்புக்காற்றோ உவர்நீரோ காரணம்.

புதிதாகச் சுண்ணாம்பு பூசிய மதிலடியிலும் சிமெண்டுத் தளத்தை ஒட்டியும் நட்ட தெச்சி மஞ்சளாவதற்கும் இதுவே ஹேது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைப் போக்கிவிடும். கோயில் மதிலடியில் நடும்போதும் இரண்டடி விலக்கி நடவேண்டும். திருமங்கையாழ்வார் தோட்டத்துக்காக மதிலை விலக்கினார். இன்று மதிலுக்காகச் செடியை விலக்கி நடுதல் அரிதன்று.

மாற்று இரண்டு. உடனடிக்கு, நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் நீரில் கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்தல். சுண்ணாம்பு மண்ணில் வேரடியில் இட்டால் அது விரைவில் கட்டுண்டு பயனற்றுப்போம். இலைவழிக் கொடுப்பதே பயன்தரும். அன்னபேதிக் கறை படியுமாதலால், பூவின்மேலும் திருமுற்றக் கல்லின்மேலும் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நிலையான மாற்று, ஆண்டுக்கு இருமுறை செம்மண்ணும் இலைமக்கும் இட்டு வேரடியை மூடிவைத்தல். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே மூடாக்கு இட்டால், மணல் சிறிது சிறிதாக மண்ணாகும்.

நீர் விடுவதில், முதலாண்டு மழையில்லா நாள்களில் ஒன்றுவிட்டு ஒருநாளும், வேரூன்றிய பின் வாரத்துக்கு இருமுறையும் போதும். கரையோரக் கிணற்று நீர் கோடையில் உவர்ப்பாகுமாயின், மழைநீரைச் சேர்த்துவைத்து இளஞ்செடிகளுக்கு விடுதல் வேண்டும்.

கவாத்து

தெச்சி புதுக்கிளையின் நுனியிலேயே பூப்பது. நுனியை வெட்டாத செடி உயர ஓடி, கைக்கு எட்டாத இடத்தில் சில கொத்து மட்டும் பூக்கும். ஒரு பூவடி ஓய்ந்ததும் காய்ந்த கொத்தை அதற்குக் கீழுள்ள ஓரிணை இலையோடு நீக்கினால் அவ்விடத்தில் இரண்டு கிளை எழும், இரண்டும் பூக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், செடியை மூன்றில் ஒருபங்கு குறைத்து, காய்ந்த குச்சிகளையும் உட்புறம் நெருங்கிய கிளைகளையும் நீக்கவேண்டும். முதியவரும் குனியாமல், ஏணி இன்றி, நின்றபடி பறிக்கும் உயரத்தில் செடியை வைத்தல் கவாத்தின் இலக்கு. இதுவும் பறிக்கும் கையை நோக்கியதே.

பூச்சியும் நஞ்சும்

தெச்சியை வருத்துவன அசுவினி, செதிற்பூச்சி, மாவுப்பூச்சி. இவை சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை இலைமேல் விடும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும். எறும்புகள் அக்கழிவுக்காக அப்பூச்சிகளைக் காத்துநிற்கும். செடியில் எறும்பு வரிசை ஏறக் கண்டால் எறும்பைக் கொல்வதன்று முதற்செயல். தளிரைத் திருப்பிப் பார்ப்பது. தொடக்கத்தில் வேகமாக நீர் பீய்ச்சினாலே அசுவினி உதிரும். மிகுந்த கிளையை வெட்டி அகற்றலாம். அதற்கும் அடங்காவிடில் லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். தெளித்த செடியில் நாலைந்து நாள் பூப்பறிக்காது விட்டு, பின் நன்னீரால் கழுவுதல் ஆராதனத்துக்குரிய மர்யாதை.

இதற்குமேல் கடைகளில் விற்கும் கொடிய மருந்துகளை நந்தவனத்தில் புகவிடாமையே தக்கது. அவை பூச்சியோடு பட்டாம்பூச்சியையும் தேனீயையும் கொல்லும். பறிப்பவர் கையில் ஒட்டும். தீர்த்தத்தில் இடும் துளசி பக்கத்துப் பாத்தியில் இருக்குமாயின் அதிலும் படியும். பெருமாளுக்குச் சாத்திய பூ ப்ரஸாதமாகக் குழந்தையின் கையிலும் கண்ணிலும் ஒற்றப்படுவது. கண்டகாலியின் முள் கண்ணுக்குத் தெரியும்; பறிப்பவர் விலகிக்கொள்ளலாம். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சில இலைகள் புழுவரித்தும் சில கொத்துகள் சிதைந்தும் போகும் நந்தவனம் குறையுடைய நந்தவனமன்று. சிதைந்தவற்றை விலக்கி நல்லவற்றைத் தெரிந்தெடுக்கும் நேரமும் கைங்கர்ய காலமேயாகும்.

பறித்தலும் தொடுத்தலும்

நீராடித் திருமண்காப்பு தரித்து, விடியலில் பனி உலருமுன் பறிப்பது முறை. தானே விழுந்தது, முகர்ந்தது, வாடியது, புழுவரித்தது ஆகியவற்றை விலக்குவர். கொத்தில் எல்லா அரும்பும் ஒருநாளில் விரிவதில்லை. மலர்ந்தவற்றை மட்டும் குழலோடு கிள்ளியெடுத்தால், எஞ்சிய அரும்புகள் பல நாள் பூத்துக்கொண்டிருக்கும். மாலைக்குக் கொத்தாக வேண்டுமாயின் கத்தியால் இலையோடு வெட்டலாம், அதுவே கவாத்துமாகும். ஒவ்வொரு செடியிலும் சில கொத்துகளை விட்டுவைப்பது பட்டாம்பூச்சிகளுக்கு உரிய பங்கு. சிறு குழலாதலால் தெச்சியைத் துளசியோடு இடையிட்டு வாழைநாரில் தொடுத்தால் அழுந்தாது நிற்கும். களைந்த மாலையைக் கால்படாத இடத்தில் குழியிட்டு மக்கவைத்துச் செடிக்கே இடலாம்.

வாங்கிய பூ

இத்தனையும் சொன்னதனால் விலைக்கு வாங்கிய பூ ஆகாது என்பது கருத்தன்று. அவ்வாறு சொல்வது ஸ்வாராததைக்கே முரணாம். நகரத்து அடுக்குவீட்டில் இருப்பவர்க்கும் நோயுற்றவர்க்கும் சந்தைப் பூவே கதி. இதே மாவட்டத்துத் தோவாளை, பூச்சந்தையாலும் பூக்கட்டும் கைவண்மையாலும் பெயர்பெற்ற ஊர். வெள்ளரளி, செவ்வரளி, நொச்சியிலை ஆகியவற்றை மடித்து மணிகள் பதித்தாற்போல் அங்கே கட்டப்படும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலாகாரரும் பூவினால் வாழ்ந்தவரே. அவருடைய மனையைத் தேடிக் கண்ணன் எழுந்தருளினான்.

ஆயினும் வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. மிக மலிவாகவும் சிறு மறுவும் இல்லாமலும் பூ வேண்டும் என்று கேட்கக் கேட்க, வயலில் மருந்தின் அளவு ஏறும். அந்த முள் வாங்குபவர் கையில் பாய்வதில்லை. கண்காணாத ஒருவர் கையில் பாய்கிறது. மருந்திடாத பூவைக் கேட்டு, அதற்குரிய விலையைத் தந்து வாங்குவது பட்டர் நிர்வாஹத்தைச் சந்தையிலும் அனுஷ்டிப்பதாகும். முற்றத்தில் ஒரே ஒரு தெச்சியும் ஒரு துளசியும் வளர்ப்பவர்க்கு, பூ எவ்வளவு உழைப்பால் வருகிறது என்பது தெரியும். தெரிந்தவர் பூக்காரரிடம் பேரம் பேசும் வகையே மாறிவிடும்.

கண்டகாலியை இடலாம் என்று சொன்ன பட்டரோ, கேட்ட நஞ்சீயரோ அதன்பின் கண்டகாலியைத் தேடிச் சென்றதாக வரலாறு இல்லை. எதையும் ஏற்பான் என்று தெரிந்தபின் நல்லதையே தேடுவது அன்பின் இயல்பு. பெரியாழ்வார் நந்தவனம் வைத்ததும் அநந்தாழ்வான் ஏரி வெட்டியதும், அவன் குறைவாக ஏற்கமாட்டான் என்று அஞ்சியன்று. மணவாளக்குறிச்சியின் மணலில் செம்மண் சுமந்து கொட்டி, மட்டை அடுக்கி, ஒரு தெச்சித் தண்டை நட்டு, அது முதற்கொத்து விரியும் வரை காத்திருப்பவரும் அந்த மரபிலேயே நிற்கிறார். அவர் பறிக்கும் பூவில் முள்ளுமில்லை, நஞ்சுமில்லை. பறித்த கை நோவாது வந்த பூ என்பதே அதற்குப் போதிய பெருமையாகும்.